புது மருந்துக்கு என்.ஹெச்.எஸ். எப்படி விலை பேசுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். விலை உயர்ந்த மருந்துகளுக்கான படிவங்கள் என் மேசையைத் தாண்டித்தான் போகும். அது தெரிந்ததிலிருந்து கோயிலிலும் பிறந்தநாள் வீடுகளிலும் வாட்ஸாப் குழுவிலும் ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஊரிலிருந்து போன் செய்பவர்களும் விட்டுவைப்பதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் இங்கிலாந்தைப் பற்றியவை, அதாவது அங்கே வரிப்பணத்தில் நடக்கும் அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ். பற்றியவை. முதல் நான்கைப் படித்துவிட்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

1. இங்கே வைத்தியம் இலவசம்தானே? அப்புறம் மருந்து என்ன விலை இருந்தா நமக்கென்ன?

நோயாளி கையிலிருந்து போவது மிகவும் குறைவு. மருத்துவமனையில் படுத்திருக்கும்போது தரும் மருந்துக்குக் காசு கிடையாது. ஜி.பி. எனப்படும் குடும்ப டாக்டர் எழுதித் தரும் மருந்துக்கு இங்கிலாந்தில் ஓர் அயிட்டத்துக்கு 9.90 பவுண்டு. புற்றுநோயாளிகள், 60 வயதைத் தாண்டியவர்கள், குழந்தைகள் போன்றவர்களுக்கு அதுவும் இல்லை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் யாருக்குமே இல்லை.

ஆனால் கம்பெனி சும்மா தருவதில்லை. இங்கிலாந்தில் மருந்துக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2,000 கோடி பவுண்டு செலவாகிறது. அது வரிப்பணம். நர்ஸ் சம்பளம், ஆம்புலன்ஸ், முட்டி அறுவை சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் எல்லாவற்றுக்கும் அதே பைதான். ஒரு புது மருந்துக்கு அதிகம் கொடுத்தால் வேறெங்கோ குறையும். எங்கே குறைந்தது என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் இந்த விஷயத்தின் சிக்கலே.

2. விலையை யார் வைக்கிறாங்க? அரசாங்கமா, கம்பெனியா?

புதிய மருந்துக்குப் பட்டியல் விலையைக் கம்பெனி தன் இஷ்டப்படி வைக்கலாம். அரசாங்கம் "இவ்வளவுதான்" என்று அச்சடித்துக் கொடுப்பதில்லை. அரசின் பிடி வேறு இடத்தில் இருக்கிறது: அந்த விலைக்கு வாங்குவதா வேண்டாமா என்பதில்.

இங்கே மூன்று அமைப்புகளைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். எம்.ஹெச்.ஆர்.ஏ. மருந்து பாதுகாப்பானதா, வேலை செய்கிறதா என்று பார்த்து உரிமம் தரும். விலையைக் கண்டுகொள்ளாது. நைஸ் என்று எல்லோரும் சொல்லும் நிறுவனம் 1999-ல் தொடங்கப்பட்டது. கொடுக்கும் காசுக்கு மருந்தில் பலன் இருக்கிறதா என்று கணக்குப் பார்ப்பது அதன் வேலை. கம்பெனியோடு உட்கார்ந்து தள்ளுபடி பேசுவது என்.ஹெச்.எஸ். இங்கிலாந்தின் வணிகப் பிரிவு.

நைஸ் "சரி" என்று சொல்லிவிட்டால், வழக்கமாக மூன்று மாதத்துக்குள் அந்த மருந்துக்கு என்.ஹெச்.எஸ். பணம் ஒதுக்கியே ஆக வேண்டும். அது சட்டக் கட்டாயம். "வேண்டாம்" என்றால் கம்பெனிக்கு இங்கிலாந்து சந்தை கிட்டத்தட்டப் பூட்டிக்கொண்ட மாதிரி. பேரத்தின் முழு பலமும் இந்த ஓர் இடத்தில்தான்.

3. குவாலி, குவாலின்னு பேசிக்கிறாங்களே, அது என்ன? உயிருக்கு விலை போடுறாங்களா?

குவாலி என்பது முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஓர் ஆண்டு. நோயாளிகளிடம் ஐந்து விஷயம் கேட்பார்கள்: நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, அன்றாட வேலை, வலி, மனக்கலக்கம். அதை வைத்து வாழ்க்கைத் தரத்துக்கு ஒரு எண் வரும். முழு ஆரோக்கியம் 1, மரணம் 0. சில நிலைமைகள் பூஜ்யத்துக்கும் கீழே போகும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு மருந்து, ஏற்கெனவே உள்ள சிகிச்சையைவிட இரண்டு ஆண்டு கூடுதல் ஆயுள் தருகிறது. ஆனால் அந்த இரண்டு ஆண்டும் பாதித் தரத்தில், அதாவது 0.5. அப்படியென்றால் கிடைத்தது ஒரு குவாலி. கூடுதல் செலவு 40,000 பவுண்டு என்றால், ஒரு குவாலிக்கு 40,000. நைஸ் நெடுங்காலமாக வைத்திருந்த எல்லை 20,000 முதல் 30,000 பவுண்டு. அப்போது கம்பெனிக்குச் செய்தி தெளிவு: குறைந்தது 10,000 இறங்கி வா. யாரும் மேசையைத் தட்டிப் பேசவே வேண்டாம், பேரத்தின் பாதி இந்தக் கணக்கிலேயே முடிந்துவிடும்.

கடுமையான நோய்களுக்கு எல்லை கொஞ்சம் தளரும். 2022 முதல், நோயின் கடுமையைப் பார்த்து குவாலியை 1.2 அல்லது 1.7 மடங்காக எண்ணுகிறார்கள். மிக அரிதான நோய்களுக்குத் தனி வழி உண்டு, அங்கே ஒரு குவாலிக்கு 1 லட்சம் பவுண்டிலிருந்து பேச்சு தொடங்கும். பலன் மிகப் பெரிதாக இருந்தால் 3 லட்சம் வரை போகும்.

உயிருக்கு விலை போடுகிறார்களா என்றால், ஆமாம், ஒரு விதத்தில். வெளிப்படையாகப் போடுகிறார்கள். மற்ற நாடுகளில் இதையே சத்தமில்லாமல் செய்கிறார்கள்.

4. அந்த 30,000 எங்கிருந்து வந்தது? யாராவது ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சதா?

இல்லை. ஆரம்ப ஆண்டுகளில் நைஸ் எடுத்த முடிவுகளிலிருந்து பழக்கமாகி நின்ற எண் அது. பிற்பாடு யார்க் பல்கலைக்கழகத்தின் பொருளாதார வல்லுநர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து கணக்குப் போட்டார்கள். என்.ஹெச்.எஸ். தன் வழக்கமான வேலையில், அதாவது மாரடைப்பு, நீரிழிவு, மூச்சு நோய் என்று, எவ்வளவு செலவில் ஒரு குவாலியை உண்டாக்குகிறது? விடை சுமார் 13,000 பவுண்டு. அப்படியானால் புது மருந்துக்கு 30,000 கொடுக்கும் ஒவ்வொரு தடவையும், கிடைப்பது ஒரு குவாலி, வேறெங்கோ போவது இரண்டுக்கும் மேல்.

2024 டிசம்பரில் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு இதை இருபது ஆண்டுக்கு நீட்டிப் பார்த்தது. 2000 முதல் 2020 வரை நைஸ் பரிந்துரைத்த புது மருந்துகள் சுமார் 37.5 லட்சம் குவாலிகளைத் தந்தன, செலவு 7,500 கோடி பவுண்டு. அதே பணத்தை வழக்கமான சேவைகளில் போட்டிருந்தால் 50 லட்சம் கிடைத்திருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. மருந்து கிடைத்தவருக்கு முகம் உண்டு, பேட்டி கொடுப்பார். சேவை கிடைக்காமல் போனவருக்கு, தான் இழந்தது என்ன என்றே தெரியாது. என்னைக் கேட்டால், விலை பேசுபவர்கள் உண்மையில் அந்த இரண்டாவது ஆளின் சார்பாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று திட்டுவதற்கு முன் இதை யோசித்துப் பார்க்கலாம்.

இப்போது எல்லை மேலே போகிறது. 2025 டிசம்பரில் அமெரிக்காவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இதை 25,000 முதல் 35,000 பவுண்டாக உயர்த்த பிரிட்டன் ஒப்புக்கொண்டது. அது ஏன் என்று 13-ல்.

5. நெட்டுல ஒரு விலை போட்டிருக்கு, ஆஸ்பத்திரி அதைவிடக் குறைச்சலா வாங்குதுன்னு சொல்றீங்க. ரெண்டு விலை எதுக்கு?

ஒரு நாடு விலை பேசும்போது பக்கத்து நாட்டு விலையைப் பார்க்கும். ஐரோப்பாவில் பல நாடுகள் இதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. ஆகவே கம்பெனி பிரிட்டனுக்கு வெளிப்படையாக இறக்கினால், மற்றவர்களும் அதையே கேட்பார்கள். வெளியே உயர்ந்த விலையை மாட்டிவிட்டு உள்ளே தள்ளுபடி கொடுத்தால் இரண்டு பக்கமும் ஓடும். நம்மூர் ஆடித் தள்ளுபடியில் விலையை ஏற்றி எழுதிக் கோடு போடுவார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஒரே வித்தியாசம், கோடு போட்ட பிறகு எழுதிய விலையை இங்கே யாரும் பார்க்க முடியாது.

என் வேலையில் அந்த விலை எனக்குத் தெரியும். இன்வாய்ஸில் வருகிறதே. ஆனால் வெளியே சொல்லக்கூடாது, ஒப்பந்தம் அப்படி. பக்கத்து வார்டு டாக்டர் "இது எவ்வளவு?" என்று கேட்டால் பட்டியல் விலையைச் சொல்லி, "அதைவிடக் குறைவு" என்று நிறுத்திக்கொள்வேன். நோயாளிகள் பட்டியல் விலையைப் பார்த்துவிட்டு "எனக்காக இவ்வளவா!" என்று சங்கடப்படும்போதுதான் வாயைக் கட்டிப்போட்டது உறுத்தும்.

6. ரகசியமா வச்சா நமக்குத்தானே நஷ்டம்? ஏன் ஒத்துக்கிறாங்க?

2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவையில் இத்தாலி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. நாடுகள் உண்மையில் கொடுக்கும் விலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது சாரம். நிறைவேறியது. பிரிட்டனும் ஜெர்மனியும் தங்களை அதிலிருந்து விலக்கிக்கொண்டன. ரகசியம் போனால் தள்ளுபடியும் போய்விடும் என்பது பிரிட்டனைப் போன்ற, நன்றாகப் பேரம் பேசத் தெரிந்த நாடுகளின் பயம்.

இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் லாபம் பலசாலிக்குத்தான். ஒரு சின்ன நாட்டின் சுகாதாரத் துறை, எதிரே இருப்பவர் மற்றவர்களிடம் எவ்வளவுக்கு விற்றார் என்று தெரியாமலேயே பேச்சுக்கு உட்காருகிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

7. இந்தப் பேரம் எங்கே நடக்குது? யாராவது போய்ப் பார்க்க முடியுமா?

நைஸ் கமிட்டிக் கூட்டங்களை முன்பதிவு செய்துகொண்டு பார்வையாளராகப் பார்க்கலாம். இப்போது பெரும்பாலும் ஜூமில். கமிட்டியில் மருத்துவர்கள், புள்ளியியல் ஆட்கள், பொருளாதார ஆட்கள், மருந்தாளர்கள், பொதுமக்கள் தரப்பிலிருந்து சிலர். கம்பெனி ஆட்களும் நோயாளிகளும் சாட்சி சொல்வார்கள். தானே நோயாளியான ஒருவர் காலையில் எழுந்து மூச்சுவிடுவது எப்படி என்று சொல்லி முடித்ததும், அடுத்த நிமிடமே "உங்கள் கணக்கு மாதிரியில் ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு உயிர்வாழும் வீதத்தை எந்த வளைவை வைத்து நீட்டினீர்கள்?" என்று ஒருவர் கம்பெனியைக் கேட்பார். முதல் தடவை பார்ப்பவருக்கு இது கொஞ்சம் திக்கென்று இருக்கும். ஆனால் பல கோடிகள் அந்த வளைவில்தான் இருக்கின்றன. சோதனை இரண்டு ஆண்டுதான் நடந்திருக்கும், கணக்கு முப்பது ஆண்டுக்குப் போகும்.

விலை பேச்சு வரும்போது கதவு சாத்தப்படும். பார்வையாளர்களை அனுப்பிவிட்டு இரண்டாம் பாதி நடக்கும். பிற்பாடு வெளியாகும் ஆவணங்களில் தள்ளுபடி வரும் இடமெல்லாம் கறுப்புப் பட்டை. சில பக்கங்களில் அட்டவணையின் தலைப்பு மட்டும் மிச்சம் இருக்கும்.

8. கம்பெனி இறங்கியே வரலைன்னா?

ஆர்காம்பி கதையைச் சொல்கிறேன். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய்க்கான மருந்து, வெர்டெக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியுடையது. நுரையீரலில் சளி கட்டிக்கொண்டு, இளம் வயதிலேயே உயிரைக் குடிக்கும் நோய் அது. பட்டியல் விலை ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,04,000 பவுண்டு, வாழ்நாள் முழுக்க. 2015 நவம்பரில் ஐரோப்பாவில் உரிமம் கிடைத்தது. 2016 ஜூலையில் நைஸ் மறுத்தது. பலன் உண்டு, ஆனால் இந்த விலைக்கு ஈடாகாது என்றார்கள்.

அப்புறம் மூன்று ஆண்டு இழுபறி. 2018-ல் என்.ஹெச்.எஸ். ஐந்து ஆண்டுக்கு 50 கோடி பவுண்டு தர முன்வந்தது. வெர்டெக்ஸ் ஏற்கவில்லை. பெற்றோர்கள் நாடாளுமன்ற வாசலில் நின்றார்கள். நாடாளுமன்ற சுகாதாரக் குழு இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்டது. அந்த விசாரணையின் ஊடேதான், பிரிட்டனுக்காக வைத்திருந்த ஏறத்தாழ 8,000 பெட்டி மருந்து காலாவதியாகி அழிக்கப்பட்ட விஷயம் வெளிவந்தது. அதைக் கேட்ட பெற்றோரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

சில குடும்பங்கள் அர்ஜென்டினா பக்கம் திரும்பின. அங்கே ஆர்காம்பிக்குக் காப்புரிமை இல்லை. கடோர் என்ற உள்ளூர்க் கம்பெனி அதே மருந்தை லூகாஃப்டர் என்ற பெயரில், பட்டியல் விலையில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாக விற்றது. அரசே காப்புரிமையைத் தாண்டி வேறு ஒருவரைத் தயாரிக்கச் சொல்லலாம் என்ற பிரிவு பிரிட்டனின் 1977 காப்புரிமைச் சட்டத்தில் உண்டு, அதையும் பலர் கிளப்பினார்கள். 2019 செப்டம்பரில் ஸ்காட்லாந்து உடன்பட்டது. அக்டோபரில் இங்கிலாந்தும் கையெழுத்துப் போட்டது. எந்த விலைக்கு? 5-ஐப் பாருங்கள்.

இதில் யார் ஜெயித்தார்கள் என்று இன்றும் சண்டை போடலாம். காத்திருந்த மூன்று ஆண்டில் நுரையீரல் கெட்டுப்போனவர்களுக்கு அந்தச் சண்டையில் அக்கறை இருக்காது. ஆனால் இந்த ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக, அதைவிடப் பல மடங்கு நல்ல மருந்தான காஃப்ட்ரியோ 2020-ல் ஐரோப்பிய உரிமம் வந்த கையோடு இங்கே கிடைத்தது. அதற்கும் 2023 நவம்பரில் நைஸ் வரைவில் "விலை அதிகம்" என்று வந்து எல்லோரும் பதறி, 2024-ல் புதிய உடன்பாட்டில் முடிந்தது.

9. பதினாறு கோடி ரூபாய் ஊசி லண்டனில் இலவசமாமே?

ஜோல்ஜென்ஸ்மாவைச் சொல்கிறீர்கள். முதுகுத்தண்டு தசைச் சிதைவு நோய் உள்ள குழந்தைகளுக்கு ஒரே தடவை போடும் மரபணு சிகிச்சை. 2021-ல் தமிழ்நாட்டில் ஒரு குழந்தைக்காக ஊரே சேர்ந்து நிதி திரட்டியதும், மத்திய அரசு இறக்குமதி வரியை விலக்கியதும் பலருக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு மார்ச்சில்தான் என்.ஹெச்.எஸ். அதை விற்கும் நோவார்ட்டிஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. பிரிட்டனில் பட்டியல் விலை 17.9 லட்சம் பவுண்டு. என்.ஹெச்.எஸ். கொடுப்பது அதைவிடக் குறைவு, அது எவ்வளவு என்பது ரகசியம்.

ஒரே மருந்து. இங்கே ஒரு நாடு முழுக்க ஒற்றை ஆளாக நின்று பேரம் பேசியது. அங்கே ஒரு அப்பாவும் அம்மாவும் செல்போனை வைத்துக்கொண்டு பட்டியல் விலைக்கு நின்றார்கள். பேரம் பேச ஆள் இருப்பதன் அருமை இங்கேதான் தெரியும்.

10. மருந்து வேலை செய்யுமான்னே சரியா தெரியாதப்போ எப்படி விலை பேசுவாங்க?

வேலை செய்தால் காசு என்று பேசலாம். 2007-ல் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கான வெல்கேட் மருந்தில் அப்படிச் செய்தார்கள். நான்கு சுற்று கொடுத்தும் ரத்தத்தில் அந்த நோய்ப் புரதம் பாதியாகக் குறையவில்லையென்றால், கம்பெனி பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் யாருக்குக் குறைந்தது, யாருக்கு இல்லை என்று நோயாளி வாரியாக எழுதிவைத்து, காலக்கெடுவுக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்க மருந்தகத்தில் ஒரு ஆள் வேண்டும். கேட்காமல் விட்டால் காசு கம்பெனியிடமே தங்கிவிடும். அதனால் எங்களுக்கெல்லாம் நேரடித் தள்ளுபடிதான் பிடிக்கும்.

இன்னொரு வழி, தற்காலிகமாகப் பணம் கொடுத்துக்கொண்டே தகவல் சேர்ப்பது. புற்றுநோய் மருந்து நிதி 2010-ல் வந்தபோது தகவல் சேர்க்கும் பகுதியை மறந்துவிட்டார்கள். நைஸ் மறுத்ததையெல்லாம் அந்த நிதி வாங்கியது. 2016-க்குள் 127 கோடி பவுண்டு போனது. பின்னர் வந்த ஆய்வு ஒன்று, அதில் 40 சதவீதத்துக்கும் குறைவான பயன்பாடுகளில்தான் ஆயுள் கூடியதற்கு ஆதாரம் இருந்தது என்றது. 2016-ல் நிதியைக் கலைத்துப் போட்டுத் திரும்பக் கட்டினார்கள். இப்போது அதற்குள் நுழையும் மருந்துக்குத் தேதி உண்டு, அதற்குள் தகவலோடு நைஸிடம் திரும்ப வர வேண்டும்.

11. மொத்தமா வாங்கினா விலை குறையாதா? மளிகைக் கடையிலேயே குறைக்கிறாங்களே!

போட்டிக் கம்பெனிகள் இருந்தால் நன்றாகவே குறையும். ஹெபடைட்டிஸ் சி மருந்து அதற்கு உதாரணம். 2013 கடைசியில் சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர், பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர். மூன்று கம்பெனிகளின் மருந்துகள் களத்துக்கு வந்ததும் நிலைமை மாறியது. ஆஸ்திரேலியா 2016-ல் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 100 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று பேசி முடித்து, எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தது. அப்படிப் பேசிவிட்டால் அதிகம் பேருக்குக் கொடுக்கக் கொடுக்க ஆளுக்கு ஆகும் செலவு குறையும். 2019-ல் இங்கிலாந்தும் கிலியட், எம்.எஸ்.டி., ஆப்வீ மூன்றோடும் கிட்டத்தட்ட 100 கோடி பவுண்டு ஒப்பந்தம் போட்டது. நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையிலும் கம்பெனிகளைச் சேர்த்தது.

ஒரே கம்பெனி, ஒரே மருந்து என்றால் மொத்தக் கொள்முதல் மட்டும் போதாது. அங்கே "வேண்டாம்" என்று சொல்லும் துணிவுதான் ஆயுதம். காப்புரிமை முடிந்த பிறகோ கதையே வேறு. என்.ஹெச்.எஸ். மருத்துவமனைகள் அதிகம் செலவழித்த மருந்து மூட்டுவாதம் போன்ற நோய்களுக்கான ஹியூமிரா, ஆண்டுக்கு 40 கோடி பவுண்டு. 2018 அக்டோபரில் மாற்று மருந்துகள் வந்ததும் ஆண்டுக்கு 30 கோடி வரை மிச்சமாகும் என்று அறிவித்தார்கள்.

12. கம்பெனி வருஷக் கடைசியில் பணத்தைத் திருப்பித் தருதாமே, நிஜமா?

நிஜம்தான். ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாகப் பேசும் தள்ளுபடி போக, பிராண்டு மருந்துகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரு வளர்ச்சி வரம்பு உண்டு. அதைத் தாண்டி என்.ஹெச்.எஸ். செலவு ஏறினால், கம்பெனிகள் விற்பனையில் ஒரு குறிப்பிட்ட பங்கை அரசுக்குத் திருப்ப வேண்டும். இப்போதைய ஒப்பந்தம் 2024 முதல் 2028 வரை. 2025-ல் புதிய மருந்துகளுக்கான வீதம் 22.9 சதவீதமாக ஏறியது, கம்பெனிகள் கொதித்துப்போயின.

13. அமெரிக்காவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? டிரம்ப் ஏன் நம்ம மருந்து விலையைப் பற்றிப் பேசறார்?

அமெரிக்காவின் முதியோர் காப்பீடான மெடிகேர், மருந்துக் கம்பெனிகளோடு விலை பேசவே கூடாது என்று 2003 சட்டம் தடுத்திருந்தது. உலகின் மிகப் பெரிய வாடிக்கையாளருக்கு வாய்ப்பூட்டு! 2022-ல்தான் அது ஓரளவு திறந்தது. முதல் பத்து மருந்துகளின் பேசிய விலை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நீரிழிவு மாத்திரை ஜனுவியா மாதம் 527 டாலரிலிருந்து 113-க்கு இறங்கியது. அவை எல்லாம் சந்தையில் பல ஆண்டு ஓடியவை. புத்தம் புதிய மருந்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

அமெரிக்கத் தரப்பின் வாதம், ஆராய்ச்சிச் செலவை நாங்கள் சுமக்கிறோம், ஐரோப்பா ஓசியில் பயணம் செய்கிறது என்பது. சுங்கவரி மிரட்டலும் கூடவே வந்தது. 2025 செப்டம்பரில் மெர்க் கம்பெனி 100 கோடி பவுண்டு மதிப்பிலான லண்டன் ஆராய்ச்சி மையத் திட்டத்தைக் கைவிட்டது. டிசம்பரில் பிரிட்டன் இறங்கிவந்தது: நைஸ் எல்லை உயர்வு, 12-ல் சொன்ன திருப்பிச் செலுத்தும் வீதத்துக்கு 15 சதவீத உச்சவரம்பு. பதிலுக்கு மருந்து ஏற்றுமதிக்குச் சுங்கவரி இல்லை. ஏற்றுமதியாளர்களுக்கு நல்ல ஒப்பந்தம். அந்தக் கூடுதல் பணம் 1-ல் சொன்ன அதே பையிலிருந்து வருமா, அரசு தனியாகத் தருமா என்பதுதான் எங்கள் காண்டீனில் எல்லோரும் கேட்பது.

14. ஜெர்மனியில் மருந்து உடனே கிடைக்குதாம். இங்கே மட்டும் ஏன் இழுத்தடிக்கிறாங்க?

ஜெர்மனியில் வரிசை மாறியிருக்கிறது. உரிமம் கிடைத்த உடனே கம்பெனி தன் விலைக்கு விற்கலாம், காப்பீடு பணம் கொடுக்கும். அதற்குள் ஒரு குழு, பழைய சிகிச்சையைவிட இது எவ்வளவு மேல் என்று தரம் பிரிக்கும். கூடுதல் பலன் இல்லையென்றால் பழைய மருந்தின் விலையை ஒட்டித்தான் பேச முடியும். பேசிய விலை ஏழாம் மாதத்திலிருந்து கணக்கு. 2011 முதல் இந்த முறை, ஆரம்பத்தில் ஓராண்டு சுதந்திரம் இருந்தது, பிறகு ஆறு மாதமாகச் சுருக்கினார்கள். அங்கே மருந்து முதலில், பேரம் பின்னால். இங்கே தலைகீழ். செலவும் அங்கே அதிகம்தான்.

இங்கிலாந்து எப்போதும் பிந்துவதும் இல்லை. ஆனால் உறைக்கும்படி பிந்திய இடங்கள் உண்டு. மார்பகப் புற்றுநோயில் ஒரு வகைக்கு எனஹெர்ட்டு மருந்தை ஸ்காட்லாந்து ஏற்றது, 2024-ல் இங்கிலாந்தில் பேச்சு முறிந்தது. 3-ல் சொன்ன கடுமைக் கணக்கில் அந்த நோய்க்கு 1.2 மடங்குதான் கிடைத்தது, 1.7 இல்லை. இங்கிலாந்தின் வட எல்லையோர ஊரான கார்லைலில் இருந்தவருக்குக் கிடைக்காத மருந்து, கொஞ்ச தூரம் வடக்கே எல்லை தாண்டினால் கிடைத்தது.

15. சும்மா கொடுத்தாலும் நைஸ் வேண்டாம்னு சொல்லுமாமே? இது என்ன கூத்து?

கூத்து மாதிரித் தெரியும், ஆனால் கணக்கு அப்படி. பெர்ஜெட்டா என்ற மார்பகப் புற்றுநோய் மருந்தை ஏற்கெனவே உள்ள விலை உயர்ந்த இன்னொரு மருந்தோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். பெர்ஜெட்டாவால் நோயாளி கூடுதல் காலம் வாழ்கிறார், அந்தக் கூடுதல் காலம் முழுக்க மற்ற மருந்தும் ஏறுகிறது. அந்தச் செலவே எல்லையைத் தாண்டிவிட்டது. பெர்ஜெட்டாவின் விலையைப் பூஜ்யமாக்கினாலும் கணக்கு இடித்தது. முறைமையில் ஓட்டை இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. 2018-ல் ஒரு வணிக ஏற்பாட்டோடு ஒப்புதல் கிடைத்தது.

மருந்தின் விலையைத் தாண்டி, கொடுக்கும் செலவும் உண்டு. அல்சைமருக்கான லெகனெமாப்பை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நரம்பில் ஏற்ற வேண்டும், மூளையில் ரத்தக் கசிவு வருகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் நைஸ் முதல் வரைவில் மறுத்தபோது இதையும் சேர்த்துத்தான் எண்ணியது.

16. விலையைக் குறைச்சுக்கிட்டே போனா யார் புது மருந்து கண்டுபிடிப்பாங்க?

நியாயமான கேள்வி. ஒரு மருந்தைக் கொண்டுவர ஆகும் செலவு பற்றி 2020-ல் வந்த ஓர் ஆய்வு, தோல்விகளையும் சேர்த்து, நடு மதிப்பாகச் சுமார் 98.5 கோடி டாலர் என்றது. அதற்கு முன் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட எண் 260 கோடி. இரண்டில் எது சரி என்பதைவிட, விலை செலவை வைத்து வருவதில்லை என்பதுதான் முக்கியம். வாங்குபவர் எவ்வளவு தாங்குவார் என்பதை வைத்து வருகிறது. நைஸ் முறையும் "எவ்வளவு செலவழித்தாய்" என்று கேட்பதில்லை, "எவ்வளவு பலன் தந்தாய்" என்றுதான் கேட்கிறது. நல்ல மருந்துக்கு நல்ல விலை அதில் உண்டு.

17. இந்தியாவில் இப்படிப் பேச ஆளே இல்லையா?

பழைய மருந்துகளுக்கு உண்டு, அதுவும் அபாரமாக. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முறையைப் பல மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றின. அது பல கம்பெனிகள் தயாரிக்கும் மருந்துகளில் நடக்கும் பேரம். ஒரே கம்பெனியின் காப்புரிமை மருந்தில் எல்லோருக்குமாக நின்று "இந்த விலைக்கு வேண்டாம்" என்று சொல்லும் ஒற்றை வாங்குபவர் இல்லை, ஏனென்றால் பெரும்பாலும் மக்கள் தங்கள் கைக்காசில்தான் வாங்குகிறார்கள். 2019-ல் செய்த திருத்தத்தில், காப்புரிமை உள்ள புது மருந்துகளுக்கு ஐந்து ஆண்டு விலைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கும் கொடுத்துவிட்டார்கள்.

இந்தியாவின் பலம் காப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 2012-ல் நெக்ஸவார் புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் (காப்புரிமையைத் தாண்டி வேறொருவர் தயாரிக்க அரசு தரும் அனுமதி) கொடுத்தபோது, மாதம் 2,80,000 ரூபாய் இருந்தது இந்தியக் கம்பெனியான நாட்கோ கையில் 8,880 ஆனது. 9-ல் சொன்ன அதே தசைச் சிதைவு நோய்க்கான ரிஸ்டிப்ளாம் மருந்திலும் நாட்கோதான். 2025 அக்டோபரில், நாட்கோவுக்கு எதிராகக் காப்புரிமைக்காரரான ரோஷ் கம்பெனி கேட்ட தடையை நீதிமன்றங்கள் கொடுக்க மறுத்ததும், ஒரு புட்டி சுமார் 6.2 லட்சம் ரூபாயிலிருந்து 15,900-க்கு வந்தது. எந்த நைஸ் பேரத்திலும் இப்படி ஒரு வீழ்ச்சியை நான் கண்டதில்லை. ஆனால் ஒவ்வொரு மருந்துக்கும் கோர்ட் ஏற முடியாது.

18. நைஸ் வேண்டாம்னு சொன்ன மருந்துதான் அம்மாவுக்கு வேணும்னு டாக்டர் சொல்றார். என்ன செய்யலாம்?

முதலில், மறுப்பு உங்கள் அம்மாவின் நிலைமைக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரே மருந்துக்கு ஒரு நோயில் ஒப்புதலும் இன்னொன்றில் மறுப்பும் இருக்கும். இரண்டாவது, தனிநபர் நிதிக் கோரிக்கை. அதைக் குடும்பம் போட முடியாது, சிகிச்சை தரும் சிறப்பு டாக்டரான கன்சல்டன்ட்தான் போட வேண்டும். "அவருக்கு மிகவும் தேவை" என்று எழுதினால் நிராகரித்துவிடுவார்கள். அதே நோயுள்ள மற்றவர்களிடமிருந்து இவர் எப்படி வேறுபடுகிறார், ஏன் இவருக்குப் பலன் கூடுதலாக இருக்கும் என்று மருத்துவக் காரணம் வேண்டும். வயதும் குடும்பச் சூழ்நிலையும் அதில் எடுபடாது.

மூன்றாவது, அந்த மருந்தை நோயாளிகளிடம் சோதிக்கும் ஆய்வுகள் எங்காவது நடக்கின்றனவா, கம்பெனி கருணை அடிப்படையில் தருகிறதா என்று கன்சல்டன்டிடம் நேராகக் கேளுங்கள். பல டாக்டர்கள் கேட்டால்தான் தேடுவார்கள். கடைசியாக, சொந்தக் காசில் வாங்குவது. 2009 முதல், ஒரு மருந்தைத் தனியாராக வாங்கினாலும் மற்ற என்.ஹெச்.எஸ். சிகிச்சையை இழக்க மாட்டீர்கள். ஆனால் அந்த மருந்தை ஏற்றுவதும் கண்காணிப்பதும் தனி இடத்தில், தனிச் செலவில் நடக்க வேண்டும். விலை விசாரிக்கும்போது மருந்துக்கு மட்டும் கேட்காதீர்கள். ஏற்றும் கட்டணம், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பக்கவிளைவு வந்தால் யார் பார்ப்பது என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என்.ஹெச்.எஸ். பேசி வாங்கிய தள்ளுபடி அங்கே உங்களுக்குக் கிடைக்காது.